வரப்பு சோயாவும் மண்டி சோயாவும்

“எடமாமே” என்ற பெயரை முதல்முறை கேட்டால், நம்ம சென்னைப் பையன் யாரோ “எடு மாமே” என்று நண்பனைக் கூப்பிடுகிற மாதிரிதான் இருக்கும் :-) ஆனால் அது ஜப்பானியச் சொல். ‘எடா’ என்றால் கிளை. ‘மாமே’ என்றால் பயறு. கிளையோடு வருகிற பயறு என்று பொருள். பெரிய ஊர்களில் குடியேறிய நம்மவர்கள் சிலர் இதை ஜப்பானிய உணவகத்தில், உப்புத் தூவிய பச்சைக் காயாகப் பார்த்திருப்பீர்கள். இன்னும் சிலர் சூப்பர் மார்க்கெட்டில் உறைய வைத்த பொட்டலமாகக் கையில் எடுத்து, விலையைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளேயே வைத்திருப்பீர்கள்.

விஷயம் என்னவென்றால், அது புதிதாக ஒன்றும் இல்லை. சோயாதான். நம் வீடுகளில் குருமாவிலும் பிரியாணியிலும் போடும் மீல் மேக்கர் எந்தச் செடியிலிருந்து வருகிறதோ, அதே செடி. செடியிலேயே முற்றிக் காய விட்டால் எண்ணெய் ஆலைக்குப் போகிற சோயா. மூன்று நான்கு வாரம் முன்னாலேயே பச்சையாகப் பறித்தால் எடமாமே. ஊரில் மார்கழி, தை மாதங்களில் துவரங்காயை உப்புப் போட்டு வேகவைத்து உரித்துத் தின்போமே, அந்தத் துவரங்காய்க்கும் கடையில் வாங்கும் துவரம்பருப்புக்கும் என்ன உறவோ அதே உறவுதான் இதற்கும்.

நான் வேலை பார்ப்பது இந்தூரில். இந்தியாவில் சோயாவுக்குத் தலைநகரம் என்று ஒன்று உண்டென்றால் இந்த ஊர்தான். மழைக்காலத்தில் ஊரை விட்டு எந்தப் பக்கம் வண்டியை ஓட்டினாலும் கண்ணுக்கு எட்டின வரை சோயா. ஆனால் காய்கறிச் சந்தையில் ஒரு கைப்பிடி பச்சை சோயாக்காய்கூட நான் பார்த்ததில்லை. வயல் முழுக்க இருக்கிற ஒன்று தட்டில் மட்டும் ஏன் இல்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறவியின் நன்றிக் கடிதம்

சோயா சீனாவில் பிறந்த பயிர். அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிரிடுகிறார்கள். முற்றிய சோயாவை அப்படியே வேகவைத்தால் சீக்கிரம் வேகாது, ஒரு பச்சை வாடையும் அடிக்கும், வயிறும் ஊதும். அதனால் சீனர்கள் அதைப் புளிக்க வைத்தார்கள், அரைத்துப் பாலெடுத்தார்கள், திரித்து டோஃபு செய்தார்கள். பச்சையாகப் பறித்துத் தின்பது இந்த எல்லா வித்தைக்கும் முந்தியதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பசித்தவன் வயலில் நின்று பறித்துத் தின்றதை எல்லாம் யார் எழுதி வைக்கப் போகிறார்கள்!

எழுதி வைத்ததில் பழையது ஜப்பானில் கிடைக்கிறது. 1275-இல் நிச்சிரென் என்ற பௌத்தத் துறவி, தமக்கு வந்த காணிக்கைக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதத்தில் எடமாமே வருகிறது. நிச்சிரென் அப்போது மினோபு மலையில் வாழ்ந்துகொண்டிருந்தார். யாரோ ஒரு பக்தர் தம் நிலத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நம் ஊரில் புதுசாகக் காய்த்த வாழைத்தாரைக் கோயிலுக்குக் கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீனாவில் 1406-இல் மிங் வம்சத்து இளவரசர் ஒருவர், பஞ்ச காலத்தில் எதையெல்லாம் தின்று உயிர் பிழைக்கலாம் என்று ஒரு நூல் செய்தார். ‘ஜியுஹுவாங் பென்சாவ்’ என்பது அதன் பெயர். அதிலும் பச்சை சோயாக்காய் இருக்கிறது. ஒரு நாட்டில் காணிக்கை, இன்னொரு நாட்டில் பஞ்சத்துக்குக் கை கொடுக்கும் உணவு. இரண்டிலும் பொது என்ன என்றால், அது வீட்டுக்குப் பக்கத்தில் விளைகிறது, கடைக்குப் போகாமல் நேராக வாய்க்குப் போகிறது.

ஜப்பானில் அது விளைந்த இடம் இன்னும் சுவாரசியம். நெல் வயலின் வரப்பு! வரப்பில் போடும் சோயாவுக்கு ‘அஸெமாமே’ என்று தனிப் பெயரே உண்டு. வரப்புப் பயறு என்று அர்த்தம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வரப்பில் உளுந்தும் துவரையும் ஊன்றுவது நமக்கும் தெரிந்த வழக்கம்தானே. நெல் கணக்கில் ஏறும், வரப்பில் விளைந்தது வீட்டுக்கு. அந்தக் குடும்பம் அதில் கொஞ்சத்தைப் பச்சையாகத் தின்னும், மீதியை முற்றவிட்டு மிசோ என்ற புளித்த விழுதுக்கு வைத்துக்கொள்ளும்.

19-ஆம் நூற்றாண்டில் அது நகரத்துக்கு வந்துவிட்டது. இன்றைய டோக்கியோவான எடோ நகரத்தின் அன்றாட வாழ்க்கையை ‘மொரிசாதா மாங்கோ’ என்ற தொகுப்பு விவரமாகப் பதிவு செய்திருக்கிறது. கோடை இரவுகளில் வேகவைத்த பச்சை சோயாவைக் கூவி விற்றுக்கொண்டு போவார்களாம். எடோவில் கிளையோடு விற்றதால் கிளைப்பயறு, அதாவது எடமாமே. கியோத்தோ, ஒசாகா பக்கம் காயைக் கிளையிலிருந்து பிரித்து விற்றதால் ‘சாயாமாமே’, அதாவது உறைப்பயறு. கிளையோடு விற்றதில் காரணமும் இருக்கிறது. பறித்த நேரத்திலிருந்தே காயில் உள்ள இனிப்பு குறைய ஆரம்பித்துவிடும். செடியோடு இருந்தால் வாடுவது கொஞ்சம் தாமதமாகும். வாங்குகிறவருக்கும் இலையின் வாட்டத்தைப் பார்த்தே எப்போது பறித்தது என்று தெரிந்துவிடும்.

யமகாட்டா மாகாணத்தில் ட்சுருஓகா என்ற ஊரில் ‘தாதச்சா மாமே’ என்று ஒரு பெயர் பெற்ற ரகம் இருக்கிறது. அந்த வட்டார வழக்கில் தாதச்சா என்றால் அப்பா (நம் தாத்தாவுக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கிறது, ஆனால் உறவெல்லாம் ஒன்றும் இல்லை!). அந்தப் பகுதியை ஆண்ட பிரபுவுக்கு எடமாமே என்றால் உயிராம். தினமும் “இன்றைக்கு எந்த அப்பா வீட்டுப் பயறு?” என்று கேட்பாராம். அதனால் வந்த பெயர் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதை நிஜமோ இல்லையோ, ஒன்று புரிகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் சொந்த விதை இருந்தது. எந்த வீட்டுப் பயறு என்று கேட்கும் அளவுக்கு ருசி வித்தியாசப்பட்டது.

எண்ணெயைப் பார்த்த அமெரிக்கா

மேற்கத்தியர்களுக்கு சோயா தெரிய வந்தது முதலில் சோயா சாஸ் வழியாகத்தான். செடியைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது அமெரிக்கா. அங்கே ஆரம்பத்தில் அது மாட்டுத் தீவனம், மண்ணை வளப்படுத்தும் பயிர். 1929-லிருந்து 1931 வரை டார்செட், மோர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க வேளாண் துறை அதிகாரிகள் ஜப்பான், கொரியா, மஞ்சூரியா என்று சுற்றி ஏறக்குறைய 4,500 சோயா மாதிரிகளைச் சேகரித்துக்கொண்டு போனார்கள். பச்சையாகத் தின்பதற்கென்றே வளர்க்கும் பெரிய மணி ரகங்களும் அவற்றில் இருந்தன. மோர்ஸுக்கு அதில் நிஜமான ஆர்வம் இருந்தது. வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இறைச்சிக்குத் தட்டுப்பாடு வந்தபோது கொஞ்சம் எடுபட்டது. போர் முடிந்ததும் மறந்துவிட்டார்கள்.

ஏனென்றால் அதற்குள் சோயாவின் கணக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரு குவிண்டால் சோயாவை ஆலைக்கு அனுப்பினால் சுமார் 18 கிலோ எண்ணெய், 80 கிலோ பிண்ணாக்கு. எண்ணெய் மனிதனுக்கு, பிண்ணாக்கு கோழிக்கும் பன்றிக்கும். அந்த மாமிசம் மறுபடியும் மனிதனுக்கு. பி.காம். படித்த எனக்கு இதில் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. வரப்பில் விளைந்ததற்கு விலைப்பட்டியல் கிடையாது, ஆலைக்குப் போனதற்கு உண்டு. எதற்கு விலைப்பட்டியல் இருக்கிறதோ அதற்குத்தான் கடன், ஆராய்ச்சி, ரயில் வேகன், கிடங்கு எல்லாம் கிடைக்கும்.

இந்த இடத்தில் சோயாவின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும், பின்னால் வரும் கதைக்குத் தேவை. சோயா நாளின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. இரவு நீண்டு பகல் குறைந்தால்தான் பூக்கும். 1920-இல் கார்னர், அல்லார்ட் என்ற இருவர் இந்த உண்மையை வெளியிட்டபோது, புகையிலையோடு அவர்கள் காட்டிய இன்னொரு சாட்சி ‘பிலாக்ஸி’ என்ற சோயா ரகம். வேறு வேறு தேதிகளில் விதைத்தும், எல்லாச் செடிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்தன. ஆகவே ஒரு அட்சரேகைக்காரனின் விதை இன்னொரு அட்சரேகையில் சரியாக வராது. வடக்கே நீண்ட கோடைப் பகலில் வளர்ந்து பழகிய விதையை நம் பக்கம் கொண்டுவந்தால், செடி ஒரு சாண் வளர்வதற்குள் பூத்துவிடும். நாலு காயோடு கதை முடிந்துவிடும்.

நம் நாட்டில் ஏற்கெனவே இருந்தது

“சோயா இந்தியாவுக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது” என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பாதிதான் சரி. இமயமலை ஓரத்திலும் வடகிழக்கிலும் அது ரொம்ப நாளாகவே இருந்தது. குமாவோன் பக்கம் ‘பட்’ என்று ஒரு கறுப்பு சோயா. அதில் ‘சுட்கானி’ என்று கெட்டியான குழம்பு செய்து சோற்றோடு சாப்பிடுகிறார்கள். நாகாலாந்தில் புளிக்க வைத்து ‘அகுனி’. மணிப்பூரில் ‘ஹவாய்ஜார்’. மேகாலயாவில் ‘துங்ரிம்பாய்’. சிக்கிமிலும் டார்ஜிலிங் பக்கமும் ‘கினேமா’. பெயர் வேறு, செய்முறை கிட்டத்தட்ட ஒன்று. வேகவைத்து, இலையில் பொதிந்தோ மூடியோ அடுப்போரம் சூட்டில் வைத்துப் புளிக்க விடுவது.

இந்த ஊர்களில் எல்லாம் சோயா சாப்பாட்டுப் பொருளாக இருக்கிறது. அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும் கைப்பக்குவமாக இருக்கிறது. கவனித்தால், இவை எல்லாமே படியை வெட்டி விவசாயம் செய்யும் சின்னச் சின்ன நிலங்கள். ஜப்பானிய வரப்புக்குப் பங்காளி என்று சொல்லலாம்.

சமவெளிக்காரர்களைச் சாப்பிட வைக்க முயற்சி செய்த ஒருவர் காந்தி. 1935-இல் வார்தாவில் மகன்வாடியில் இருந்தபோது சோயாவைச் சமைத்துப் பரிமாறிப் பார்த்து, அதைப் பற்றி ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். மலிவாகப் புரதம் கிடைக்குமா என்பதுதான் அவருடைய கேள்வி. அதே காலத்தில் பரோடா சமஸ்தானத்திலும் ஆர்வம் காட்டினார்கள். 1936-இல் காலே என்பவர் சோயாவைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே பரோடாவில் வெளியிட்டார். ஆனாலும் துவரை, கடலை, உளுந்து, பயறு என்று வகை வகையாகப் பருப்பு வைத்திருந்த நாட்டில், நாள் முழுக்க ஊறவைத்தும் வேக அடம் பிடிக்கிற ஒன்றை யார் அடுப்பில் ஏற்றுவார்கள்? எடுபடவில்லை.

மால்வாவின் காலி வயல்

இனி நான் இருக்கும் மால்வா. இங்கே மண் கரிசல். மழை பெய்தால் களியாகி வண்டியும் ஏராது, ஆளும் இறங்க முடியாது. அதனால் அந்தக் காலத்தில் நிறைய விவசாயிகள் மழைக்காலத்தில் நிலத்தைச் சும்மா போட்டுவிடுவார்கள். மண் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். மழை நின்றதும் கோதுமையோ கடலையோ விதைப்பார்கள். வருடத்துக்கு ஒரே ஒரு போகம். ‘காலிதூர்’ என்ற கறுப்பு சோயா அங்கங்கே கொஞ்சம் இருந்தது, அவ்வளவுதான்.

1960-களில் ஜபல்பூர் ஜவகர்லால் நேரு வேளாண் பல்கலைக்கழகமும், பந்த்நகர் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மஞ்சள் சோயாவைச் சோதிக்க ஆரம்பித்தன. மேலே சொன்ன அட்சரேகைக் கணக்கு இங்கே வேலை செய்தது. வட அமெரிக்க ரகங்களை விட, அந்த நாட்டின் தெற்குப் பகுதிக்கென்று உருவான ‘ப்ராக்’ மாதிரி ரகங்கள் இந்த மண்ணில் ஒத்துவந்தன. 1967-இல் அகில இந்திய ஒருங்கிணைந்த சோயா ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. 1987-இல் இந்தூரிலேயே தேசிய ஆராய்ச்சி மையம் வந்தது. 1990-களில் வந்த ‘ஜே.எஸ். 335’ என்ற ரகம் மாநில எல்லையெல்லாம் தாண்டிப் பரவியது.

1970-ஐ ஒட்டி நாடு முழுவதும் சோயா விளைந்த பரப்பு சுமார் 30 ஆயிரம் ஹெக்டேர். இன்று ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல். அதில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசமும் மகாராஷ்டிரமும். ஒரே தலைமுறையில் இப்படி ஏறிய பயிர் இந்தியாவில் அதிகம் இல்லை. காலியாகக் கிடந்த நிலத்தில் ஒரு போகம் கூடுதல். தீபாவளிக்கு முன்னால் கையில் ரொக்கம். அந்தப் பணத்தில்தான் இங்கே டிராக்டர் வந்தது, கிணறு ஆழமானது, காரை வீடு எழும்பியது, பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கடன் கோப்புகளில் கண்ணால் பார்த்தவள்.

ஆனால் சோயா மால்வாவுக்குள் வந்தது ஆலை வாசல் வழியாக. அடுக்களை வழியாக வரவில்லை. விதை கடையிலிருந்து, அறுவடை மண்டிக்கு, மண்டியிலிருந்து ஆலைக்கு, பிண்ணாக்கு கோழிப்பண்ணைக்கும் கப்பலுக்கும். நடுவில் வீட்டுச் சமையல்கட்டு எங்கேயும் கிடையாது.

“வீட்டுக்கு எவ்வளவு?”

விவசாயக் கடன் கொடுக்கும்போது விளைச்சலையும் செலவையும் விசாரிப்போம். 1998-இல் வந்த கிசான் கிரெடிட் கார்டு திட்டத்தில், பயிர்ச் செலவுக்கு மேல் 10 சதவீதம் அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் என்று சேர்த்தே வரம்பு போடுகிறோம். குடும்பமும் சாப்பிட்டாக வேண்டும் என்று கணக்கே ஒப்புக்கொள்கிற இடம் அது.

கோதுமையில் வீட்டுக்கு எவ்வளவு வைப்பீர்கள் என்று கேட்டால் பதில் உடனே வரும். இத்தனை பேர், இத்தனை குவிண்டால். கடலைப்பருப்பிலும் ஒரு பங்கு வைப்பார்கள். சோயாவில் எவ்வளவு என்று ஒருமுறை கேட்டபோது ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். “மேடம்ஜி, அதை யார் சாப்பிடுவார்கள்? அது வியாபாரச் சரக்கு.” விதைக்கு மட்டும் கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். மீதி முழுக்க மண்டிக்கு.

முழுக்க விற்கிற பயிரில் என்ன ஆபத்து என்று 2024-இல் பார்த்தோம். அந்த வருடம் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். அறுவடைக்கு முன்னாலேயே பல மண்டிகளில் விலை 4,000-க்கும் கீழே போய்விட்டது. விவசாயிகள் 6,000 வேண்டும் என்று டிராக்டர்களோடு தெருவில் இறங்கினார்கள். செப்டம்பரில் மத்திய அரசு ஆதரவு விலைக்குக் கொள்முதல் செய்ய அனுமதி கொடுத்தது. கச்சா சமையல் எண்ணெய் மீதான அடிப்படை இறக்குமதி வரியை பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக்கியது. பிறகு 2025 மே மாதம் அதை 10 ஆகக் குறைத்தது. நமக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. அதனால் உஜ்ஜயினிக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் வாங்கப்போகும் ரொக்கத்தை அர்ஜென்டினாவின் மழையும், டில்லியில் போடும் வரியும் தீர்மானிக்கின்றன.

விலை விழுந்தால் கோதுமைக்காரர் குறைந்தபட்சம் ரொட்டி சாப்பிடுவார். சோயாக்காரர் தன் வயலில் விளைந்ததைத் தின்னக்கூட முடியாது. அந்தச் செடியில் 40 சதவீதம் புரதம் இருக்கிறது. அது இங்கே கோழிக்குப் போகிறது, வீட்டுக் குழந்தைக்குப் போகவில்லை. எனக்கு இந்த வரலாற்றில் உறுத்துகிற இடம் இதுதான்.

எடமாமே விற்று மால்வா விவசாயி பணக்காரராகிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பச்சைக் காய் இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். ஏற்றுமதி என்றால் பறித்த சில மணி நேரத்தில் வேகவைத்து உறைய வைக்க வேண்டும். அந்தத் தொழிலை தைவான் 1970-களிலிருந்து ஜப்பானுக்காகவே வளர்த்தது. 1971-இல் அங்கே தைனான் பக்கத்தில் தொடங்கிய காய்கறி ஆராய்ச்சி மையத்தின் ரகங்கள் பல நாடுகளுக்குப் போயின. நம் நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. ராஞ்சியில் ‘ஸ்வர்ண வசுந்தரா’, பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் ‘கருணே’ என்று காய்கறி சோயா ரகங்கள் வந்திருக்கின்றன. இந்தூர் ஆராய்ச்சி நிலையம், செரிமானத்தைக் கெடுக்கும் ஒரு தடுப்புப் பொருள் இல்லாத ‘என்.ஆர்.சி. 127’ போன்ற ரகங்களைக் கொண்டுவந்திருக்கிறது. விதை இருக்கிறது. சாப்பிடுகிற பழக்கம்தான் இல்லை. பழக்கம் தொடங்க வேண்டிய இடம் வரப்பு, இல்லாவிட்டால் வீட்டுத் தோட்டம்.

நம் வீட்டில் வளர்ப்பது எப்படி

நான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன இடத்தில் சில வருடங்களாகப் போட்டு வருகிறேன். மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களும் செய்யலாம்.

விதைப்பது முதல் நல்ல மழைக்குப் பிறகு, ஜூன் கடைசி, ஜூலை ஆரம்பம். விதையை ராத்திரி முழுக்க ஊறவைக்காதீர்கள். மற்ற பயறு மாதிரி இல்லை இது. தண்ணீரை வேகமாக இழுத்து விதை வெடித்துவிடும். ஈரமான மண்ணில் அப்படியே ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினால் போதும். செடிக்குச் செடி அரை அடிக்குக் கொஞ்சம் குறைவாக, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி. தண்ணீர் தேங்கக் கூடாது.

உரம் என்று யூரியாவைக் கொட்ட வேண்டாம். இதன் வேர் முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுத்துவிடும். ஆனால் சோயாவையே பார்க்காத மண்ணில் அந்த நுண்ணுயிர் இருக்காது. வேளாண் கடையில் சோயாவுக்கான ரைசோபியம் பொட்டலம் கேட்டு வாங்கி, விதையில் புரட்டி விதையுங்கள். இங்கே எனக்கு அது தேவைப்படவில்லை. சுற்றிலும் சோயாதானே!

தெற்கே இருப்பவர்கள் ரகத்தைப் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் ஜப்பானிய விதை என்று விற்பதில் பல, வடக்கு நாட்டு நீண்ட பகலுக்குப் பழகியவை. நம் பக்கம் சீக்கிரமே பூத்துக் குட்டையாக நின்றுவிடும். கருணே மாதிரி நம் நாட்டில் தேர்ந்தெடுத்த ரகம் கிடைத்தால் நல்லது. எதுவும் கிடைக்காவிட்டால் சாதாரண சோயாவையே பச்சையாகப் பறிக்கலாம். மணி சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். எடமாமே ரகத்தில் காய்ந்த 100 மணி 30 கிராமாவது இருக்கும். ஜே.எஸ். 335-இல் 10 முதல் 13 கிராம்தான்.

பூத்த பிறகு தண்ணீர் குறையக் கூடாது, காய் பிடிக்கும் நேரம் அது. வெள்ளை ஈ வந்தால் மஞ்சள் தேமல் நோய் பின்னாலேயே வரும். இலை மஞ்சளாகத் திட்டுத் திட்டாக மாறிய செடியை யோசிக்காமல் பிடுங்கிவிடுங்கள்.

அறுவடைதான் இதில் முக்கியம். காய்க்குள் மணி நன்றாகப் புடைத்து, உறையை ஏறக்குறைய நிரப்பியிருக்க வேண்டும். ஆனால் காய் இன்னும் பச்சையாக இருக்க வேண்டும். விதைத்து 75-லிருந்து 90 நாளுக்குள் ரகத்தைப் பொறுத்து அது வரும். அந்தப் பதம் ஒரு வாரம்கூட நிற்காது. காயில் மஞ்சள் ஏறிவிட்டால் மாவுத்தன்மை வந்துவிடும். எல்லாக் காயும் ஒன்றாகவே தயாராகும் என்பதால் செடியோடு வெட்டிவிடலாம். வேரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள், அடுத்த கீரைக்கு உரம். ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடாமல் இருக்க, பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக விதைப்பது நல்லது. போன வருடம் முப்பது செடியில் எனக்கு ஒன்றரைக் கிலோ காய் கிடைத்தது.

வெட்டிய அன்றைக்கே சமையுங்கள். காயை உப்புப் போட்டுக் கசக்கினால் மேலே இருக்கும் ரோமம் போகும். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம். வேகவைக்காமல் மட்டும் சாப்பிட வேண்டாம், பச்சை சோயா செரிக்காது. மணியைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டு தோலைத் தூக்கிப் போடலாம். உரித்த மணியைத் தேங்காய் போட்டுச் சுண்டலாகவும் செய்யலாம். பச்சை மொச்சைக்குப் பதிலாகப் புளிக்குழம்பிலும் போடலாம். தமிழ்நாட்டு வேளாண் புத்தகங்களில் இந்தப் பயிரின் பெயரே சோயா மொச்சைதானே!

அதைச் சாப்பிட நமக்குப் புதுப் பழக்கம் எதுவும் வேண்டியதில்லை. வேகவைத்த வேர்க்கடலையும் துவரங்காயும் தின்று வளர்ந்தவர்கள் நாம். எங்கள் கிளைக்கு வரும் விவசாயிகள் சிலரிடம், அறுவடைக்கு மூன்று வாரம் முன்னால் வரப்போரம் நாலு வரிசையை வீட்டுக்கென்று வெட்டிப் பாருங்கள் என்று சொல்லி வருகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். இரண்டு பேர் செய்து பார்த்தார்கள். அதில் ஒருவர் வீட்டுப் பிள்ளைகள் அடுத்த வருடம் தாங்களாகவே வயலில் போய்ப் பறித்துக்கொண்டு வந்ததாம். அந்த நாலு வரிசைக்கு மண்டியில் விலை கிடையாது, என் கோப்பிலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. இருந்துவிட்டுப் போகட்டும், அது வீட்டுக்கு.

இந்த ஜூனில் நீங்களும் ஒரு தொட்டியில் பத்து விதை ஊன்றிப் பாருங்கள். எந்த வீட்டுப் பயறு ருசி என்று அப்புறம் பேசிக்கொள்வோம் :-)